பதில் சொல்லக் கூடாத வேலை

டீச்சரான்னா கேக்கிய? இல்லத்தை. பாக்க அப்படித் தெரியுதோ? எல்லாரும் அதத்தான் கேக்காவ. நான் நடந்து வந்தாலே பரீட்சப் பேப்பர் கட்டத் தூக்கிட்டு வார மாதிரி இருக்காம், எங்க அம்மையே சொல்லுவா. நான் படிச்சுக்கிட்டுதான் இருக்கேன். எம்.எஸ்சி. கணக்கு, மொத வருசம். மூஞ்சியில தெரியுதது அலுப்பு, வேற ஒண்ணுமில்ல. செவ்வாயும் வியாழனும் வந்தா எனக்கு இப்படித்தான் ஆயிரும். மத்த நாள்ல மூணே முக்கால் பஸ்ஸுல ஏறிருவேன். இந்த ரெண்டு நாளும் இப்ப நாம வார இந்த அஞ்சு மணி பஸ்தான். ரோட்ட வேற தோண்டிப் போட்டிருக்கான். ஆலங்குளம் போய்ச் சேர ஒண்ணே கால் மணி நேரம் ஆவும், பாத்துக்கிட்டே இருங்க.

அப்படி என்ன வேலைன்னா? வேலையே இல்லத்தை. போயி கடைசி பெஞ்சுல சும்மா உக்காந்துட்டு வாரேன். ஒரு மணி நேரம். சும்மா இருக்கதுல என்ன அலுப்புன்னு நெனப்பிய. வாய மூடிக்கிட்டு ஒரு மணி நேரம் இருந்து பாருங்க, அதுவும் பதில் தெரிஞ்சுக்கிட்டே.

மொதல்ல இருந்து சொன்னாத்தான் வெளங்கும். எங்க காலேஜுல பிசிக்ஸ் படிக்க வார பிள்ளையளுக்கும் கணக்குப் பேப்பர் உண்டு. அதுலதான் கொத்துக் கொத்தா பெயிலாவும். பாதிப் பிள்ளைய தமிழ் மீடியத்துல படிச்சுட்டு வந்ததுய, இங்கிலீஷ் புஸ்தகத்தத் தெறந்ததும் கண்ணு இருட்டிரும். எங்க டிப்பார்ட்மென்ட்டுக்குத் தலைவி நாயகி மேடம். அவ்வோ ஒரு திட்டம் கொண்டு வந்தாவ. வாத்தியார் வேண்டாம், பிள்ளையளே கூடி உக்காந்து படிக்கட்டும், அந்தப் பேப்பர நல்லா எழுதின சீனியர் ஒரு ஆளு கூட இருக்கட்டும்னு. செவ்வா, வியாழன், சாயங்காலம் மூணரையில இருந்து நாலரை. பதினாலாம் நம்பர் ரூம். வரணும்னு கட்டாயமில்ல. வந்தா வரலாம், போனா போவலாம்.

இது போன வருசம் நடந்தது. அப்போ நான் பி.எஸ்சி. மூணாம் வருசம். அந்த சீனியரா யாரப் போடுவாவ? என்னத்தான் போட்டாவ. கால்குலஸ்ல தொண்ணூத்தாறு வாங்கியிருந்தேன். பெருமைக்குச் சொல்லல, கேட்டதுக்குச் சொல்லுதேன். சண்முகவடிவுன்னா எங்க காலேஜுல எல்லா வாத்தியாருக்கும் தெரியும்.

மேடம் கூப்பிட்டு உக்கார வச்சுச் சொன்னாவ.

"வடிவு, நீ அங்க போயி பாடம் நடத்தக் கூடாது. கேள்வி மட்டும் கேளு. அவங்க போடட்டும். பதில் தெரிஞ்சாலும் வாயத் தெறக்காத."

"தப்பாப் போட்டா, மேடம்?"

"பக்கத்துல இருக்கவ பாத்துச் சொல்லுவா."

"அவளுக்கும் தெரியலன்னா?"

"ரெண்டு பேருமா கொஞ்ச நேரம் முழிப்பாங்க. முழிக்கட்டும்."

நீங்களே சொல்லுங்கத்தை. தெரிஞ்சத சொல்லாம இருக்கதுக்கு எதுக்குத் தெரிஞ்சிருக்கணும்? தண்ணிக் கொடத்த இடுப்புல வச்சுக்கிட்டு தாகத்துல நிக்கிறவளப் பாத்து, எங்க தண்ணி இருக்கும்னு யோசிச்சுப் பாருன்னு சொன்ன மாதிரி இல்ல? ஆனா மேடம்கிட்ட எதுத்துப் பேசுவாவளா? சரின்னு தலையாட்டிட்டு வந்தேன்.

மொத நாள் பதினாறு பேரு. பெஞ்சு பத்தல. மேடம் சொன்னபடியே ஒரு கணக்கப் போட்டுட்டு, "எப்படி ஆரம்பிக்கலாம்?"னு கேட்டேன். ஒருத்தியும் வாயத் தெறக்கல. எல்லாம் டெஸ்க்கையே பாக்குது. நான் ஒரு நிமிசம் இருந்தேன். சத்தியமா இருந்தேன், வாட்ச்சப் பாத்துக்கிட்டே இருந்தேன். ஒரு நிமிசம்ங்கிறது எவ்வளவு பெருசுங்கிய! அப்புறம் மனசு கேக்கல. பாவம், தெரியாமத்தான வந்திருக்குதுவ. சாக்பீஸ எடுத்தேன். போர்டு நெறைய போட்டேன். அழகா, ஒவ்வொரு வரியா. அன்னிக்கு எட்டுக் கணக்கு முடிச்சோம். முடிச்சேன். மேடம் க்ளாசுல ஒரு வாரத்துல நடக்காதது அது.

"புரிஞ்சுதா?"ன்னு கேட்டேன். "புரிஞ்சுதுக்கா"ன்னு கோரசாச் சொன்னாவ. பின்ன என்ன வேணும்?

அடுத்த வாரம் பதினோரு பேரு. அதுக்கடுத்து எட்டு. பொங்கல் லீவு முடிஞ்சு வந்தா அஞ்சு. பஸ் நேரம் சரியில்லத்தை, அதான் காரணம். மூணே முக்கால விட்டா அஞ்சு மணிதான, வீட்டுல தேடுவாவ. அந்த ரூமும் மேக்க பாத்த ரூம், வெயிலு நேரா மூஞ்சியில அடிக்கும். ஜனவரியில என்ன வெயிலுன்னு கேக்காதிய, எங்க ஊரு வெயிலுக்கு மாசம் தெரியுமா? இதெல்லாம் மேடம்கிட்டச் சொன்னேன். மேடம், "கேள்வி கேக்கியா வடிவு?"ன்னு மட்டும் கேட்டாவ. "கேக்கேன் மேடம்"னேன். பொய்யில்ல. புரிஞ்சுதான்னு கேக்கதும் கேள்விதான.

நீங்க என்னமோ சொல்ல வந்திய... இருங்க, இத முடிச்சிருதேன், இல்லன்னா விட்டுப்போவும்.

பிப்ரவரியில ஒரு நாள் ரூமுல ரெண்டே பேரு. ஒருத்தி பொன்ராணி. அவளப் பத்திச் சொல்லுதேன். இன்னொருத்தி, பேரு கூட மறந்து போச்சு, பாதியில எந்திச்சு பாத்ரூம் போறேன்னு போனவ வரல. பை அங்கனயே கெடக்கு. நான் ஜன்னல் வழியா எட்டிப் பாக்கேன். சைக்கிள் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு வாகை மரம் நிக்கும். அதுக்கடியில சிமெண்டு மேடையில வட்டமா உக்காந்திருக்காவ. என் பிள்ளையதான் அம்புட்டும். பன்னெண்டு பதிமூணு இருக்கும். நடுவுல அக்சீலியா.

அக்சீலியா யாருன்னா, பிசிக்ஸ் ரெண்டாம் வருசம். மொத வருசம் இதே கணக்குப் பேப்பருல பெயிலாகி, ரெண்டாம் தடவ எழுதி அம்பத்தொண்ணு வாங்கினவ. அம்பத்தொண்ணுத்தை! அவள மேடம் போடல, யாரும் போடல. அவ பஸ்ஸு அஞ்சே கால்தானாம், அதுவரைக்கும் மரத்தடியில உக்காந்திருப்பா போல. யாரோ ஒருத்தி போயி சந்தேகம் கேட்டிருக்கா. "எனக்கும் தெரியாதுட்டி, வா, ரெண்டு பேரும் பாப்போம்"னாளாம். அப்படி ஆரம்பிச்சது.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? நேரா எறங்கிப் போனேன்.

"இங்க என்ன நடக்கு?"

அக்சீலியா எந்திச்சே நின்னுட்டா. மரியாதையில ஒண்ணும் கொறவைக்க மாட்டா. "வாங்கக்கா, உக்காருங்க. ஒரு கணக்கு அரை மணி நேரமா எங்கள இழுத்தடிக்கு. இவ ஒண்ணு சொல்லுதா, அவ ஒண்ணு சொல்லுதா. கொஞ்சம் பாத்துக்கிட்டு இருங்க."

பாத்தேன். அரை மணி நேரமா ஒரு கணக்கு! நான் அந்நேரம் நாலு முடிச்சிருப்பேன். ஒருத்தி இங்க குறிய மாத்திப் போட்டிருக்கா, அதான் விசயம். பத்தடி தூரத்துல இருந்தே எனக்குத் தெரியுது. அவங்களுக்குத் தெரியல. ஒருத்திக்கொருத்தி கத்துதாவ, சிரிக்காவ, அழிக்காவ, திரும்பப் போடுதாவ. என்னால தாங்க முடியல. அந்தப் பிள்ள கையில இருந்து பேனாவ வாங்கி, "இங்க மைனஸு, பிளஸ் இல்ல. இந்தா, இது இப்படி வரும், இது இப்படி வரும், விடை ஏழு"ன்னு போட்டுக் குடுத்துட்டேன். ஒரு நிமிசம் ஆகல.

அப்படியே அமைதியாயிட்டாவ அத்தை. ஒருத்தி நோட்ட மூடுதா. ஒருத்தி டிபன் பாக்ஸ எடுத்துப் பையில வைக்கா. "தேங்ஸ்க்கா"ன்னா ஒருத்தி. எல்லாருக்கும் வெக்கம். அன்னிக்கு அப்படித்தான் நெனச்சேன். இவ்வளவு நேரம் வீணாக்கிட்டோமேன்னு வெக்கம்னு.

திரும்பி ரூமுக்கு வாரேன், பொன்ராணி எடத்த விட்டு அசையாம இருக்கா. அவ எப்பவும் மொத பெஞ்சு. நோட்டப் பாக்கணுமே! அச்சடிச்ச மாதிரி எழுத்து. நான் போர்டுல போட்டது ஒரு புள்ளி விடாம இருக்கும். நான் வாயில சொன்னதும் இருக்கும். நான் இருமினத மட்டுந்தான் எழுதல. அப்படி ஒரு பிள்ள. நான் வரிக்கு வரி திரும்பிப் பாப்பேன், அவ தலை ஆடும். அந்தத் தலையப் பாத்துத்தான் நான் அந்த நாலு மாசத்த ஓட்டுனேன்.

அவ வீடு ஆலங்குளத்துல இருந்து உள்ள தள்ளி. அம்மை பீடி சுத்துதா. அப்பா இல்ல. அண்ணன்காரன் லோடு ஆட்டோ ஓட்டுதான். அவங்கூட ஒரு ஒப்பந்தம் போட்டுத்தான் காலேஜுக்கே வந்தா. ஒரு பேப்பருல பெயிலானாலும் பீடித் தட்டு முன்னால வந்து உக்காந்திருவேன்னு. இது எனக்கு அப்பத் தெரியாது. நான் கேக்கல, அவ சொல்லல.

மார்ச்சுல ஒரு நாள், நான் போர்ட அழிச்சுக்கிட்டு இருக்கேன், பின்னால நின்னு மெதுவாக் கேக்கா.

"அக்கா, நானும் மரத்தடிக்கு ஒரு நாள் போயிட்டு வரட்டா?"

"எதுக்கு?"

"சும்மா. எப்படிப் போடுதாவன்னு பாத்துட்டு வாரேன்."

நான் என்ன சொன்னேன்... கோவத்துல சொன்னதுதான். "போறதுன்னா போ. போனா திரும்ப இங்க வராத"ன்னேன். வேற என்ன சொல்லுவேன்? ஒரே ஒரு ஆளுக்காக நான் ஒரு மணி நேரம் தொண்டத் தண்ணி வத்தக் கத்துதேன், அவளும் போறேன்னா? ஆனா அவ போகல. நல்ல பிள்ள. பேசாம வந்து உக்காந்து பேனாவத் தெறந்தா. அதுக்கப்புறம் ஒரு செவ்வா, ஒரு வியாழன் விடல. கடைசி நாள் வரைக்கும் நானும் அவளும்தான்.

ஜூன்ல ரிசல்ட் வந்துது. மரத்தடிப் பிள்ளைய அம்புட்டும் பாஸு, ஒருத்தியத் தவிர. அவளுக்கு அம்மை போட்டிருந்தது, பாதிப் பரீட்சையில எந்திச்சுப் போனவ. பொன்ராணி பதினொண்ணு. பாஸ் மார்க்கு நாப்பது. பதினொண்ணு!

நான் நம்பல. எண்ண மாத்திப் போட்டிருப்பாவன்னு நெனச்சேன். மறுகூட்டல் போடச் சொல்லுவோம்னு அவ நம்பருக்கு அடிச்சேன், எடுக்கல. நானும் எம்.எஸ்சி. சேர அலைஞ்சுக்கிட்டு இருந்தேன். விட்டுட்டேன்.

ஜூலையில நாயகி மேடம் கூப்பிட்டு விட்டாவ. மேசையில ஒரு கடுதாசி. பொன்ராணி டி.சி. கேட்டு எழுதியிருக்கா. அதே அச்சு எழுத்து. பக்கத்துல எங்க ரூமு வருகைப் பதிவு. மேடம் அதுல வெரல வச்சாவ. பதினாறு பேருல ஒரு வரியில மட்டும் நெடுக டிக்கு, ஒரு ஓட்ட இல்லாம.

"ஒரு நாளும் தவறாம வந்தவ இவ ஒருத்திதான் வடிவு."

திட்டல. திட்டியிருந்தாத் தேவலாம். "பிரின்டர் ரிப்பேரு, அடுத்த வாரம் வான்னு சொல்லிச் சொல்லி ரெண்டு தடவ அனுப்பிட்டேன். இன்னும் எத்தன தடவ சொல்லுவேன்? நீ ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வா"ன்னாவ.

போனேன். ஒரு ஞாயித்துக்கிழமை காலையில. நோட்ஸு, போன அஞ்சு வருசக் கேள்வித்தாளு எல்லாம் ஒரு பை நெறைய எடுத்துக்கிட்டுப் போனேன். வெறுங்கையோட போகல.

வாசல்ல அம்மையும் மகளுமா எதிரெதிரே உக்காந்து பீடி சுத்துதாவ. ஈர எலை வாசம். பொன்ராணி என்னப் பாத்ததும் தட்டத் தள்ளி வச்சுட்டு எந்திச்சா. அவ அம்மை, "நீதானாம்மா அந்த வடிவக்கா? இவ வீட்டுக்கு வந்தா ஒம் பேச்சுத்தான். எங்கக்கா மாதிரி போர்டுல போட ஆளில்லன்னு சொல்லுவா"ன்னு பாயப் போட்டா. எனக்குக் கண்ணு நெறஞ்சு போச்சு. பாத்தியளா, ஒருத்தியாவது சொல்லியிருக்காளேன்னு.

உக்காந்ததும் பைய அவுத்தேன். "நவம்பர்ல எழுதுவோம் பொன்ராணி. ஒண்ணுமில்ல, அஞ்சு யூனிட்டுல மூணு படிச்சாப் போதும். இந்தா, இன்டக்ரேசன எடுத்துக்கோ..."ன்னு ஆரம்பிச்சேன். ஒரு பத்து நிமிசம் போயிருக்கும். அவ தலை ஆடல. அன்னிக்கு ஆடல. நோட்டையும் எடுக்கல. வெரலு மட்டும் வெறுமனே எலை சுத்துத மாதிரி உருண்டுக்கிட்டு இருக்கு.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டா?"

"கேளு."

"இந்த வளைஞ்ச கோடு இருக்குல்லா, பாம்பு நிக்க மாதிரி. இது என்னதுக்கா?"

எனக்கு வெளங்கல. "எது?"

தொட்டுக் காட்டுனா. இன்டக்ரேசன் குறி அத்தை. அந்தப் பாடமே அதுதான். நாலு மாசமா நான் போர்டுல எழுதினது அதுதான், ஒரு நாளைக்கு நூறு தடவ. அவ அத நூறு தடவ அழகா வரைஞ்சிருக்கா.

"அது இன்டக்ரேசன்"னேன்.

"அது பேருக்கா. அது என்னதுன்னு கேக்கேன்."

"வளைகோட்டுக்கு அடியில உள்ள பரப்பு"ன்னேன்.

"அது எங்கிட்ட இருக்கு. பதினேழாம் பக்கத்துல எழுதி வச்சிருக்கேன். பரப்புன்னா எதோட பரப்பு? எதுக்கு அதக் கண்டுபிடிக்கணும்? இந்தக் கோட்டப் போட்டா எப்படிப் பரப்பு வரும்?"

நான் வாயத் தெறந்தேன். ஒண்ணும் வரல. சத்தியமா ஒண்ணும் வரல அத்தை. கணக்கக் குடுத்தா நிமிசத்துல போட்டிருவேன். சூத்திரம் அம்பது அறுபது தலைகீழாச் சொல்லுவேன். இது என்னதுன்னு ஒருத்தி கேட்டா, அதுவும் பீடித் தட்டு முன்னால உக்காந்து தமிழ்ல கேட்டா, சொல்ல எங்கிட்ட ஒரு வார்த்த இல்ல. எனக்கும் பதினேழாம் பக்கந்தான் இருந்தது.

"மொத நாளே கேக்க வேண்டியதுதான ட்டி?"ன்னு கோவமா வந்துட்டு.

அவ கோவப்படல. "நீங்க நிறுத்துவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேங்க்கா"ன்னா.

அம்மைக்காரி சோறு திங்கச் சொன்னா. வயித்துவலின்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

பஸ்ஸுல வரும்போது எனக்கு ஆத்திரம் ஆத்திரமா வருது. யாரு மேலன்னு தெரியல. புஸ்தகம் எழுதினவன் மேல, எனக்குச் சொல்லித் தந்தவங்க மேல, அந்த பஸ்ஸு மேல. வீட்டுக்குப் போனதும் அக்சீலியாவுக்கு போன் அடிச்சேன். அதுவரைக்கும் அவகிட்ட நான் முழுசா நாலு வார்த்த பேசினதில்ல.

"அந்த வளைஞ்ச கோட்ட நீ எப்படி எல்லாருக்கும் சொல்லிக் குடுத்த?"ன்னு கேட்டேன்.

அவ சிரிக்கா. "நான் எங்க சொல்லிக் குடுத்தேன்க்கா? எனக்கே தெரியாது. ஒரு தடவ பெயிலானவ நான். அது என்னதுன்னு தெரியாமத்தான் பெயிலானேன். மரத்தடிக்கு வந்தவகிட்ட அதத்தான் மொதல்ல கேட்டேன். அவளுக்கும் தெரியல. நாலஞ்சு நாளு அதுலயே கெடந்தோம்."

பொன்ராணி கதையச் சொன்னேன். முழுசாக் கேட்டா. அப்புறம், "அடுத்த ஞாயித்துக்கிழமை போவோமாக்கா? ஆனா ஒண்ணு. நீங்க கோச்சுக்கக் கூடாது"ன்னா. என்னன்னு கேக்கல. எனக்குத் தெரிஞ்சு போச்சு.

போனோம். மூணு பேரும் பாயில உக்காந்தோம். நான் செவரு ஓரமா. அக்சீலியா நோட்டே எடுக்கல. தட்டுல இருந்து ரெண்டு பீடி எலைய எடுத்து வச்சா, வெட்டாத முழு எலை. "பொன்ராணி, இதுல எது பெருசு?"

"இது"ன்னா அவ, பாத்ததும்.

"எவ்வளவு பெருசு?"

ஒண்ண மேல ஒண்ண வச்சுப் பாத்தா. நீளத்துல இது, அகலத்துல அது. யோசிக்கா. யோசிச்சுக்கிட்டே இருக்கா அத்தை. அக்சீலியா வெளிய போற கோழியப் பாத்துக்கிட்டு இருக்கா, ஏதோ கல்யாண வீட்டுக்கு வந்தவ மாதிரி. பதில் தொண்டையில நிக்கி. முந்தானைய எடுத்து வாயில வச்சுக் கடிச்சுக்கிட்டேன். மெய்யாத்தான், கடிச்சுக்கிட்டேன்.

பொன்ராணி கத்தரிய எடுத்தா. எலைய நீட்டு நீட்டா, ஒரு வெரக்கடை அகலத்துல வெட்டுனா. வெட்டி வரிசையா அடுக்குனா. "இத ஒவ்வொண்ணா அளந்து கூட்டிரலாம்"னா. அப்புறம் அவளே மொகத்தச் சுளிச்சா. "ஓரத்துல வளைஞ்சிருக்கு. அங்க சரியா வராது. கழிவு விழும்." மறுபடி யோசிக்கா. "இன்னும் மெலிசா வெட்டுனா கழிவு கொறையும்." மெலிசா வெட்டுதா. "இன்னும் மெலிசா வெட்டுனா இன்னும் கொறையும்." அவ அம்மை, "ஏளா, நாசமாப் போறவளே, எலையப் பாழாக்காத!"ன்னு கத்துதா. இவ காதுலயே விழல. நூலு நூலா வெட்டுதா. திடீர்னு நிறுத்திட்டு நிமிர்ந்தா.

"எல்லாத்தையும் கூட்டுத கூட்டலா இது? அந்தக் கோடு?"

அக்சீலியா, "நீயே சொல்லு"ன்னா.

ஒண்ணே முக்கா மணி நேரம் ஆச்சு. நான் ஒரு வார்த்த பேசல. பொன்ராணி தன்னால ஒரு கணக்கப் போட்டா, தப்பாப் போட்டா, அழிச்சா, திருப்பிப் போட்டா, விடை வந்துது. எனக்கு அழுகை பொத்துக்கிட்டு வந்துட்டு. "பாருங்க, அக்காவுக்கு எவ்வளவு சந்தோசம்"னு அவ அம்மை சொல்லுதா. நானும் ஆமான்னு தலையாட்டுனேன். உங்ககிட்டச் சொல்லுததுக்கு என்ன, அடுத்த ஸ்டாப்புல எறங்கிப் போவப் போறிய. அது சந்தோசம் இல்லத்தை. அந்த ஒண்ணே முக்கா மணி நேரத்துல ஒரு தடவ கூட அவ எம் பக்கம் திரும்பிப் பாக்கல. நான் அங்கன இல்லாட்டாலும் அந்த விடை வந்திருக்கும். அது தாங்காம அழுதேன்.

அதுக்கப்புறம் எட்டு ஞாயித்துக்கிழமை போனோம். நவம்பர்ல எழுதுனா. போன வாரம் ரிசல்ட்டு. அம்பத்திரண்டு. அக்சீலியாவ விட ஒண்ணு கூட! அத நான்தான் அக்சீலியாகிட்டச் சொன்னேன். சொல்லும்போது அவ மூஞ்சியப் பாத்தேன், பொய் சொல்ல மாட்டேன், வாடுதான்னு பாத்தேன். அவ கைதட்டிக் குதிக்கா. பொறாமையே கெடையாது அந்தப் பிள்ளைக்கு. அதுவும் ஒரு எரிச்சல்தான்.

இந்த வருசம் பொன்ராணிக்கு வருகை பத்தாது, க்ளாசுல உக்கார முடியாது. அடுத்த ஜூன்ல ரெண்டாம் வருசம் சேந்துக்கிடலாம்னு மேடம் எழுதி வாங்கி வச்சிருக்காவ. அண்ணன்காரன் சரின்னு சொல்லியிருக்கான். வாயிலதான் சொல்லியிருக்கான். ஜூன் வரட்டும், பாப்போம். அதுவரைக்கும் தட்டு முன்னாலதான் இருக்கா. ஒரு வருசம் போச்சு அவளுக்கு. யாரால போச்சுன்னு யாரும் எங்கிட்டச் சொல்லல. சொல்லவும் மாட்டாவ.

இப்போ பதினாலாம் நம்பர் ரூமுக்கு அக்சீலியாவப் போட்டாச்சு. மேடமே போட்டாவ. எங்கிட்ட, "நீயும் போயி உக்காரு வடிவு, பேசாம"ன்னாவ. அதான் போறேன். முப்பது பேரு வாராவ. வெயிலு அதே வெயிலு, பஸ்ஸு அதே பஸ்ஸு. எப்படி வாராவன்னு எனக்கு வெளங்கல. ஒரே இரைச்சலு. தப்புத் தப்பாப் போடுதுவ. கண்ணு முன்னால தப்பு ஓடுது, நான் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன். ஒரு மணி நேரம் முடிஞ்சா நாத்து நட்டு எந்திச்ச மாதிரி இடுப்பு வலிக்கி. முட்டாத்தனம்னு சில நாள் தோணுது. நாளைல இருந்து போவக் கூடாதுன்னு தோணுது. வியாழக்கிழமை திரும்பப் போயிருதேன்.

இன்னிக்கு ஒரு பிள்ள புதுசா வந்திருந்தது. கடைசி பெஞ்சு பக்கமா வந்து நின்னா. ஒல்லியா, பைய நெஞ்சோட அணைச்சுக்கிட்டு. முன்னால எல்லாரும் கூட்டமா கத்திக்கிட்டு இருக்காவ, இவளுக்கு அங்க போவப் பயம். என்னப் பாத்தா. நான் பேசாம தனியா உக்காந்திருக்கேன்லா. குனிஞ்சு கேக்கா.

"அக்கா, ஒங்களுக்கும் இது புரியலையா?"

தொண்ணூத்தாறு அத்தை. நாக்கு நுனி வரைக்கும் வந்துட்டு.

"ஆமாட்டி, புரியல"ன்னேன்.

பொய்யா நெசமான்னு எனக்கே தெரியல. அந்தப் பிள்ள ஒரு மூச்சு விட்டா பாருங்க. பைய எறக்கி வச்சுட்டு, என்னத் தள்ளி உக்காரச் சொல்லி பக்கத்துல இடிச்சுக்கிட்டு உக்காந்தா. நோட்டத் தெறந்து நடுவுல வச்சா, பாதி எம் பக்கம், பாதி அவ பக்கம்.